சுவருக்கு வெளியே

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது மும்பையில் வெளியான ஒரு சுற்றறிக்கை. 2021 மே 10 அன்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அதை வெளியிட்டது. அப்போது நான் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் எம்.எஸ்ஸி. கடைசிப் பருவத்தில் இருந்தேன். கொரோனா இரண்டாவது அலை. காலாப்பட்டு விடுதியை மூடிவிட்டதால், திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சிக்னல் கிடைக்கும் மூலையைத் தேடி உட்கார்ந்து தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். பங்குச் சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் இருக்கும் நிறுவனங்கள் தங்கள் மின்சாரம், தண்ணீர், கழிவு, கரியமில வாயு, தொழிலாளர் நிலை எல்லாவற்றையும் ஆண்டுதோறும் ஒரே படிவத்தில் சொல்ல வேண்டும், 2022–23 நிதியாண்டு முதல் அது கட்டாயம் என்றது அந்தச் சுற்றறிக்கை. பி.ஆர்.எஸ்.ஆர். என்பது படிவத்தின் பெயர். புதிதாக ஒரு படிவம் வந்தால் அதை நிரப்ப ஆள் வேண்டும் அல்லவா? சென்னையில் ஏழெட்டுப் பேரோடு நடந்துவந்த ஓர் ஆலோசனை நிறுவனம் என்னையும் சேர்த்துக்கொண்டது. மாதம் பதினெட்டாயிரம் ரூபாய். வீட்டிலிருந்தே வேலை.

அப்பா மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறவர். என் வேலையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கம்பெனிக்காரன் எவ்ளோ கரண்டு எரிச்சான்னு அவனுக்குத் தெரியாதா? நீ போய்ச் சொல்லணுமா?" என்றார். நியாயமான கேள்விதான். முதல் சில மாதங்களில் எனக்குக் கிடைத்த பதில் இது: தெரியும், ஆனால் எல்லாமும் ஒருவருக்கே தெரியாது. ஈபி பில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கும். ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசல் ரசீது ஸ்டோர் கீப்பரின் டிராயரில் இருக்கும். கேன்டீன் சிலிண்டர் காண்டிராக்டர் தலையில். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது வாட்ச்மேனுக்கு மட்டும் தெரியும், அதையும் யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். இவர்களையெல்லாம் போனில் பிடித்து, வாட்ஸ்அப்பில் பில்லைப் போட்டோ எடுத்து அனுப்ப வைத்து, எக்செல் அட்டவணையில் ஏற்றுவதுதான் கன்சல்டன்ட் என்ற பட்டத்தின் கீழ் நான் செய்த வேலை.

கணக்கு பெரிய கம்பசூத்திரம் இல்லை. நம் நாட்டு மின்கட்டமைப்பிலிருந்து ஒரு யூனிட் எடுத்தால் ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இந்த எண்ணைத் திருத்தி வெளியிடும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ. பெருக்கிக் கூட்டினால் விடை. பெருக்குவதற்கு முன்னால் வருகிற கேள்விதான் கடினம்: எதையெல்லாம் இந்த நிறுவனத்தின் கணக்கில் எழுதுவது? கரிக்கணக்குக்காக உலகம் முழுக்கப் பயன்படும் ஜி.எச்.ஜி. புரோட்டகால் என்ற விதிமுறை 2001-ல் முதல் பதிப்பாக வந்தது. அது மூன்று வட்டம் போடுகிறது. கம்பெனிக்குள் எரிவது முதல் வட்டம். வாங்குகிற மின்சாரத்துக்காக வேறெங்கோ எரிவது இரண்டாவது. மூலப்பொருள் விளைந்த இடம், லாரி ஓடிய தூரம், விற்ற பொருள் குப்பையாகும் வரை உள்ள எல்லாமும் மூன்றாவது. அதற்குள்ளேயே 15 பிரிவுகள். முதல் இரண்டையும் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் மறுக்காமல் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதைக் கேட்டால், "அது எங்களோடதில்லையே" என்பார்கள்.

ஊரடங்கெல்லாம் முடிந்து நிறுவனங்களை நேரில் போய்ப் பார்க்கும் காலம் வந்ததும், வட மாவட்டங்களில் எது வந்தாலும் என் பக்கம் தள்ளினார்கள். "நீ அண்ணாமலைதானே, பக்கத்துல தானே" என்பார் சென்னையில் இருந்த என் சீனியர். அவருக்கு ராணிப்பேட்டையும் செய்யாறும் ஆரணியும் திருவண்ணாமலைக்குப் பக்கத்துத் தெருக்கள்.

அப்படித்தான் ஆரணிப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலைக்குப் போனேன். அந்த வட்டாரத்தில் ஆரணியிலும் களம்பூரிலும் அரிசி ஆலைகள் அதிகம்; களம்பூர் பொன்னி சென்னை மளிகைக் கடைகள் வரை பெயர் வாங்கிய அரிசி. பட்டியலிடப்பட்ட ஒரு பெரிய உணவு நிறுவனம் இந்த ஆலையிடம் புழுங்கலரிசி வாங்கிக்கொண்டிருந்தது. செபி கேட்டதால் அந்த நிறுவனம் தனக்குச் சரக்குத் தருபவர்களிடம் கேட்க ஆரம்பித்திருந்தது. ஆங்கிலத்தில் பல பக்கக் கேள்வித்தாள் ஆலைக்கு மின்னஞ்சலில் வந்திருந்தது. முதலாளி அதை அச்செடுத்து, தவிட்டு விலை குறித்துவைக்கும் நோட்டுக்கு அடியில் வைத்திருந்தார். "இன்னாம்மா இது? ஆர்டரு வேணும்னா இத ரொப்பித் தரணுமாம். உங்க ஆளுங்க ரொப்பித் தருவாங்கன்னு சொன்னாங்க" என்றார்.

ரொப்பத்தான் போனேன். பாய்லரைப் பார்த்துக்கொள்பவர் ஐம்பது வயதுக்காரர். என்னைப் பாப்பா என்றே கூப்பிட்டார். நெல் ஊறும் தொட்டி, அவிக்கும் கலம், டிரையர், உமி வந்து விழும் இடம் என்று வரிசையாகக் காட்டினார். நூறு கிலோ நெல்லை அரைத்தால் இருபது கிலோ அளவுக்கு உமி வரும். அதே உமிதான் பாய்லருக்கு எரிபொருள். ஆக, நிலக்கரி இல்லை, விறகு இல்லை. உமி செடியிலிருந்து வந்தது, அந்தக் கரி அதே ஆண்டு காற்றிலிருந்து செடி எடுத்தது என்பதால், புரோட்டகால் அதன் கரியமில வாயுவைத் தனிக் குறிப்பாக எழுதச் சொல்கிறது; முதல் வட்டத்தின் கூட்டுத்தொகையில் சேர்க்க வேண்டியதில்லை. மிச்சம் ஈபி பில்லும் கொஞ்சம் டீசலும். அரைப் பக்கத்தில் ஆலையின் கரிக்கணக்கு முடிந்துவிட்டது. பார்த்தால் பச்சைப் பசேல் ஆலை.

தண்ணீர் கேள்விக்கு வந்தபோதுதான் சிக்கியது. போர்வெல்லுக்கு மீட்டர் கிடையாது. ஒரு டன் நெல் ஊற ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் என்று புத்தகக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு முடித்திருக்கலாம். பாய்லர்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "புக்குல இருக்கறது இருக்கட்டும் பாப்பா. தொட்டிய அளந்துக்க. ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி ரொப்பறேன்னு நான் சொல்றேன்" என்றார். டேப் பிடித்து நீளம், அகலம், ஆழம் அளந்தோம். மண்டியில் அப்பா இப்படித்தான் செய்வார்: எடைச் சீட்டை நம்பாமல் மூட்டையை எண்ணுவார், மூட்டை எண்ணிக்கையை நம்பாமல் லாரி வாடகை ரசீதைப் பார்ப்பார். மூன்றும் ஒத்துப்போனால்தான் பேரேட்டில் ஏறும். எங்கள் தொட்டிக் கணக்கு புத்தகக் கணக்கைவிட நன்றாகவே கூடுதலாக வந்தது.

உள்ளே வருவது இவ்வளவு என்றால் வெளியே போவது? நெல் ஊறிய தண்ணீர் மஞ்சளாக, புளித்த வாடையோடு இருக்கும். கரைந்த மாவும் சர்க்கரையும் அதில் நொதிக்கத் தொடங்கிவிடும். காம்பவுண்டு சுவரின் ஒரு மூலையில் குழாய் வழியாக அது வெளியேறியது. நான் கேட்டைத் தாண்டிச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். பின்பக்க வாய்க்காலில் இறங்கி, அடுத்த வயலின் வரப்பை ஒட்டி ஓடியது. அந்த வயல்காரர் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். தண்ணீரைப் பற்றி அவருக்கு அவ்வளவு கோபம் இல்லை. கொஞ்சமாக விட்டால் பயிருக்கு நல்லதுகூட, நின்றுபோனால்தான் வேர் அழுகுகிறது என்றார். அவருக்குப் பெரிய தொல்லை சாம்பல். எரிந்த உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகிறது. இறகைவிட லேசானது, சிலிக்கா நிறைந்தது. காற்று வீசும் நாளில் வீட்டுக்குள் துணி காயப்போட வேண்டியிருக்கிறது, குழந்தைகளுக்குக் கண் உறுத்துகிறது என்றார்.

இன்னும் கொஞ்சம் தள்ளி நடந்தால் நெல் வயல்கள். ஆலைக்கு நெல் வருகிற வயல்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் மண்ணுக்குக் காற்று கிடைக்காமல் போக, அங்கே வாழும் நுண்ணுயிரிகள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். பாசன மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. 1990 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம், பெரும்பாலான இணைப்புகளில் மீட்டரே இல்லை. ஒரு கிலோ புழுங்கலரிசியின் கரிச்சுமையில் பெரும்பகுதி ஆலைக்குள் உண்டாவதில்லை, இந்த வயல்களில் உண்டாகிறது. எங்கள் கேள்வித்தாளோ பாய்லரோடு நின்றுவிட்டது.

சீனியரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கட்டணம் குறைவு, காலக்கெடு நெருக்கம். "அதெல்லாம் நம்ம எல்லைக்குள்ள வராதும்மா. கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது" என்றார். கேட்டதற்குப் பதில் எழுதினேன். அதோடு தமிழில் ஒரு தாள் தனியாக எழுதி ஆலை முதலாளியிடம் கொடுத்தேன். போர்வெல் தண்ணீரை மீட்டர் போட்டு அளப்பது, வெளியே போவதைத் தேக்கித் தெளியவைக்க என்ன செய்யலாம், சாம்பலை நனைத்து மூடி வைத்து யாருக்கு விற்கலாம், நெல் தரும் விவசாயிகளிடம் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறையைப் பேசிப்பார்க்கலாமா என்ற நான்கு விஷயங்கள். வயலில் ஓட்டை போட்ட குழாயைப் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சும் முறை அது. தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் கணிசமாகக் குறையும்.

பெரிய நிறுவனம் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. அவர்கள் படிவத்தில் அதற்கு இடம் இல்லை. முதலாளி பார்த்தார். சாம்பலைச் செங்கல் சூளைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பது அவருக்கே தெரியும். ஈரப்படுத்தி ஏற்றும் ஏற்பாட்டைச் செய்தார். போர்வெல்லுக்கு மீட்டர் வாங்கிப் போட்டார். தெளிவுத் தொட்டிக்கு இடமில்லை என்று தள்ளிப்போட்டார். விவசாயிகளிடம் பேசுவது தன் வேலை இல்லை, வேளாண்மைத் துறை வேலை என்று சொல்லிவிட்டார். நான்கில் இரண்டு.

கல்லூரியில் நான் படித்தது இந்த எல்லைச் சண்டை இல்லை. சூழலியல் என்றால் எனக்கு மலைதான். ஒரு காலத்தில் மொட்டைப் பாறையாகக் கிடந்த அண்ணாமலையில் 1980-களின் கடைசியிலிருந்து தன்னார்வக் குழுக்கள் மரம் நட்டு வந்தார்கள். பள்ளியில் படிக்கும்போது எங்களையும் கன்று நட அழைத்துப் போனார்கள். ஆவணி, ஐப்பசி மழைக்கு நடுவார்கள். தை கழிந்ததும் காய்ந்த புல்லை நீள வாக்கில் செதுக்கித் தீ பரவாமல் தடுப்புக் கோடு வெட்டுவார்கள். கோடையில் தீப்பிடித்தால் இரவோடு இரவாகப் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு மேலே ஓடுவார்கள். தி ஃபாரஸ்ட் வே குழுவின் நாற்றங்காலில்தான் குங்கிலியம், மகிழம் போன்ற கன்றுகளின் பெயரை மனப்பாடம் செய்தேன். அங்கே யாரும் அறிக்கை கேட்டதில்லை. மரம் பிழைத்ததா இல்லையா என்பதே அறிக்கை. வேலைக்கு வந்த பிறகு, அறிக்கை இருக்கிறது, மரம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

எங்கள் ஊரிலேயே எல்லைக் கேள்வி பெரிதாக வந்து நின்றது ஒரு கார்த்திகை தீபத்தின்போது. கிரிவலப் பாதை 14 கி.மீ. அதில் நகராட்சி இருந்தது (2024-ல்தான் மாநகராட்சி ஆனது). வேங்கிக்கால், அத்தியந்தல், அடிஅண்ணாமலை என்று ஊராட்சிகள் இருந்தன. சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, மலை வனத்துறைக்கு, கோயில் அறநிலையத் துறைக்கு. நடக்கிற பக்தருக்கு இது எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவர் குடித்துப் போட்ட கப் எந்த எல்லையில் விழுகிறது என்பதைப் பொறுத்து அதை எடுப்பவர் மாறுவார்.

ஆண்டுதோறும் பாதையோரம் அன்னதானம் செய்யும் ஓர் அறக்கட்டளை எங்கள் நிறுவனத்தை அணுகியது. அந்த முறை "குப்பையில்லா அன்னதானம்" என்று பேனர் வைக்க ஆசை. அதற்கு ஓர் ஆய்வும் சான்றும் வேண்டும். 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகளின்படி நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தீபத்தன்று அண்ணாமலையில் நூறு பேர் என்பது ஒரு டீக்கடை வாசல். இருந்தாலும் முறைப்படி கடிதம் கொடுத்தார்கள். பாக்குமட்டைத் தட்டு வாங்கினார்கள். மூங்கில் கழியில் தொங்கும் தராசு ஒன்றை நான் மண்டியிலிருந்து கொண்டுபோனேன்.

எடை போடுவதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு தூய்மைப் பணியாளர். அக்கா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லாத இரவு அவருக்கு. நான் மட்டை, கப், பிளாஸ்டிக் என்று மூன்று சாக்கு வைத்திருந்தேன். அவர் பார்த்துவிட்டு, "சோறு ஒட்டின மட்ட ஒரு பக்கம், காஞ்ச மட்ட ஒரு பக்கம் போடு கண்ணு. சோறு ஒட்டினத அப்பிடியே கட்டுனா நாளைக்கு வண்டியில ஏத்த முடியாது, நாறிடும்" என்றார். பேப்பர் கப்பை எடுத்து உட்பக்கத்தை நகத்தால் கீறிக் காட்டினார். மெல்லிய பிளாஸ்டிக் தோல் உரிந்து வந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய கப்பும் உண்டு. அறக்கட்டளை அதை வாங்கவில்லை. பக்கத்துப் பந்தலில் சுக்குக் காபி வாங்கிக் குடித்தவர்கள் இங்கே வந்து போட்டார்கள்.

மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏறியதும் பாதையே நின்று கைகூப்பியது. பிறகு மறுபடி நடை, மறுபடி பசி. விடிகாலையில் சாக்குகள் எங்கள் பந்தலில் இருந்து போய்விட்டன. பந்தல் சுத்தமாக இருந்தது. அறக்கட்டளைக்காரருக்கு மகிழ்ச்சி. "ஜீரோ வேஸ்ட்டுன்னு எழுதிடலாமா?" என்றார்.

சாக்குகள் எங்கே போயின என்று கேட்டுக்கொண்டு வண்டியின் பின்னால் போனேன். காய்ந்த மட்டை உரக் கிடங்குக்குப் போனது. மற்றதெல்லாம் கலந்து குப்பைமேட்டுக்குப் போனது. எங்கள் பந்தலில் ஒரு கிலோகூட இல்லை. ஊருக்கு வெளியே குடியிருப்பவர்களின் பக்கத்தில் அது அப்படியே இருந்தது. நான் சான்று எழுதவில்லை. எத்தனை கிலோ உண்டானது, எவ்வளவு பிரிந்தது, ஒவ்வொரு பங்கும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று மட்டும் எழுதினேன். பேனர் வேண்டுமென்றால் "பிரித்துக் கொடுத்த அன்னதானம்" என்று வைக்கலாம் என்றேன். பேனருக்கு அது எடுப்பாக இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு அவர்களே பக்கத்துப் பந்தல்காரர்களைக் கூப்பிட்டுப் பேசி, எவர்சில்வர் டம்ளரும் கழுவும் தொட்டியும் பொதுவில் வைத்தார்கள்.

இதற்குப் பின்னால் வந்தது 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் முந்தின இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகர மனமில்லாமல் பெய்துகொண்டே இருந்தது. அன்று மாலை எங்கள் ஊரில் மலைச் சரிவிலிருந்து பாறையும் சேறும் இறங்கி வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 13 தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை.

அடுத்த சில மாதங்களில் ஒரு வாடிக்கையாளருக்குப் பி.ஆர்.எஸ்.ஆர். நிரப்பும் வேலை. படிவத்தில் ஒன்பது கோட்பாடுகள், ஆறாவது சுற்றுச்சூழல். அதில் ஒரு கேள்வி: தொழில் தடைபடாமல் நடத்தவும் பேரிடரைச் சமாளிக்கவும் திட்டம் உண்டா? 100 சொற்களில் விவரிக்கவும், அல்லது இணையதள முகவரி தரவும். முந்தைய ஆண்டின் பதில் தயாராக இருந்தது: திட்டம் உள்ளது, தீயணைப்பு ஒத்திகை நடக்கிறது. நகலெடுத்து ஒட்டினால் போதும். நான் மனிதவள அதிகாரியிடம் ஒன்றுதான் கேட்டேன்: புயல் நாட்களில் எத்தனை பேர் வேலைக்கு வரவில்லை, எந்தெந்த ஊர்க்காரர்கள்? வருகைப் பதிவேட்டைப் புரட்டினோம். ஆற்றோரக் கிராமங்களின் பெயர்கள் கொத்துக் கொத்தாக வந்தன. தொழிற்சாலைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை; ஆட்கள் வீட்டில் ஏறியிருந்தது. அந்த நாட்களுக்கு அவர்களுக்குச் சம்பளம் பிடிக்கப்பட்டிருந்ததும் அதே பதிவேட்டில் தெரிந்தது. நூறு சொற்களில் சிலவற்றை அதற்குக் கொடுத்தோம். பேரிடர் விடுப்பு என்று ஒரு வரி அந்த நிறுவனத்தின் விதியில் சேர்ந்தது.

இப்போது கல்லூரி முடித்தவர்கள் சிலர் வந்து கேட்கிறார்கள். எந்தச் சான்றிதழ் படிக்கலாம், எந்த மென்பொருள் கற்கலாம்? நான் சேர்ந்தபோது இல்லாத வழிகள் இன்று இருக்கின்றன; அரசின் முதலமைச்சர் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் இளைஞர்கள் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்தே வேலை பார்த்திருக்கிறார்கள். சான்றிதழ் படியுங்கள், தவறில்லை என்பேன். அதற்கு முன்பு ஈபி பில்லின் ஒவ்வொரு வரியையும் வாசிக்கப் பழகுங்கள். பாய்லர்காரரிடமும் வாட்ச்மேனிடமும் அவர்கள் பேச்சில் பேசப் பழகுங்கள். அவர்கள் சொல்கிற அளவை மேனேஜர் சொல்கிற அளவோடு ஒட்டிப் பாருங்கள். ஓர் ஆலைக்குப் போனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு அது போகும் வழியே நடந்து பாருங்கள்.

அந்த நடைக்கு யாரும் தனியாகக் காசு தர மாட்டார்கள் என்பதால் நான் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். இன்று தனியாக வேலை எடுக்கிறேன். நான் அனுப்பும் விலைப்பட்டியலில் மின்சாரம், நீர், கழிவு என்ற வரிகளுக்குக் கீழே "சுற்றுச்சுவருக்கு வெளியே பார்வையிடல், அரை நாள்" என்று ஒரு வரி இருக்கும், எதிரே தொகையும் இருக்கும். சிலர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். சிலர் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு அனுப்புகிறார்கள். அடித்தாலும் வேலையை ஏற்றுக்கொள்கிறேன். எனக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. ஆனால் அறிக்கையின் முதல் பக்கத்தில், சுவருக்கு வெளியே ஆய்வு செய்யப்படவில்லை, வாடிக்கையாளர் விருப்பப்படி, என்று எழுதிவிடுவேன். அதைப் படித்துவிட்டுப் பாதிப் பேர் போன் செய்து, "சரிம்மா, அந்த அரை நாளையும் போட்டுக்கோ" என்கிறார்கள்.